பாய் விரிக்கும் இடம்

எங்கள் டொக்டர் புதிதாக ஒரு நோயாளியைக் கண்டதும் முதலில் என்ன கேட்பார் என்று அவரிடம் போய்வந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காதில் குரல் கேட்கிறதா, பயமாக இருக்கிறதா, சாப்பிடுகிறாரா என்பதெல்லாம் பிறகு. முதலில் கூட வந்தவர் பக்கம் திரும்பி, "வீட்டிலை இவர் எங்கை படுக்கிறவர்?" என்பார்.

என் தம்பி ஜெறோமை முதல்முறை ஆஸ்பத்திரியின் மனநல வாட்டுக்குக் கொண்டுபோன அன்றும் அதைத்தான் கேட்டார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இந்தியாவில் அகதி முகாமில் வளர்ந்து திரும்பிய குடும்பம் நாங்கள். படுக்க இடம் இருக்கிறதா என்கிற மாதிரி யாராவது கேட்டால் எனக்குப் பிடிக்காது.

"எங்களிட்டை வீடு இருக்கு டொக்டர். கட்டிலும் இருக்கு" என்றேன்.

"கட்டில் இருக்கும் பிள்ளை. அவர் அதிலை படுக்கிறவரோ?"

ஜெறோம் ஒருநாளும் கட்டிலில் படுத்ததில்லை. கடலால் வந்ததும் படகின் எஞ்சினைக் கழற்றித் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவருவது எங்கள் பேசாலைப் பக்கத்து வழக்கம். கரையில் விட்டால் களவு போய்விடும். அவன் எஞ்சினை முன்னறைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு, பக்கத்திலேயே பாயை விரித்து, அந்த மண்ணெண்ணெய் மணத்துக்குள் படுத்துவிடுவான்.

"எஞ்சினோடை படுக்கிறவன்" என்றேன். வேறு யாரும் என்றால் சிரித்திருப்பார்கள். இவர் சிரிக்கவில்லை. "தலை எஞ்சின் பக்கமோ, கால் பக்கமோ?" என்று கேட்டார்.

நான் தையல்காரி. ஊரில் ஒரு சின்னத் தையல் கடை வைத்திருக்கிறேன். யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன் தோள்பட்டைதான் என் கண்ணில் படும். டொக்டரின் சாறிச் சட்டை வலது தோளில் எப்போதும் வழுகிக்கொண்டே இருக்கும். அதை யார் தைத்தார்களோ, ஆளைக் கண்டால் நாலு கேள்வி கேட்டிருப்பேன். "ஒருக்கா நில்லுங்கோ டொக்டர், அளவெடுத்து நல்லதா ஒண்டு தைச்சுத் தாறன்" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "இல்லைப் பிள்ளை, வாட் இருக்கு" என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விடுவார். இருந்து சாப்பிடச் சொன்னாலும் அதுதான் பதில். கோயில் திருநாளுக்குக் கூப்பிட்டாலும் அதுதான் பதில். இப்போது மாற்றலாகி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். அங்கேயும் யாரோ ஒருவரிடம் வாட் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டுதான் இருப்பார். பெயரை எழுதினால் கோபிப்பார். எங்கள் டொக்டர் என்றாலே இங்கே போதும்.

ஐம்பது வயது இருக்கும். உயரமான ஆள், வேக நடை. எல்லோரையும் நீங்கள் என்றுதான் கூப்பிடுவார். வாட்டுக்குள் வந்த பூனையைக்கூட "வெளியிலை போங்கோ" என்று விரட்டியதை நான் என் காதால் கேட்டேன். சுத்த சைவம். எங்கள் கரையில் நன்றி என்றால் கருவாடுதான். குணமாகிப் போனவர்கள் பொதி பொதியாகக் கட்டிக்கொண்டு வந்து நீட்டுவார்கள். அவர் முகம் சுளிக்காமல் இரண்டு கையாலும் வாங்கி, "நல்ல மணம்" என்று வேறு சொல்லி, அவர்கள் வாசல் படலை தாண்டியதும் தாதி மிஸ்ஸியிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவ ஓடுவார். வாட்டில் வேலை செய்த மிஸ்ஸிமார் வீட்டில் அந்த நாட்களில் கறிக்குப் பஞ்சம் இருந்திருக்காது.

வருத்தம் என்று நாங்கள் சொல்லும் இந்த நோய் ஜெறோமுக்கு முதலில் வந்தது எங்கள் ஊரில் அல்ல. தெற்கே ஒரு கரையில் பெரிய படகொன்றில் வேலைக்குப் போயிருந்தான். நித்திரை போய், பேச்சுக் கூடி, கடைசியில் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து முகாமில் கூட விளையாடிய பொடியன்கள் கூப்பிடுகிறார்கள் என்று தனியே ஒரு தோணியைத் தள்ளிக்கொண்டு இறங்கிவிட்டான். வேறு படகுக்காரர் கண்டு இழுத்து வந்தார்கள். அவர்கள் காணாவிட்டால் எனக்குத் தம்பி இல்லை. அங்குள்ள பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தார்கள்.

அந்த ஆஸ்பத்திரியைத் திட்ட எனக்கு ஆசைதான். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். எங்களுடையதைவிடத் துப்புரவு, வேலை செய்கிறவர்களும் அதிகம். வாட்டுக்கென்றே டொக்டர்மார், கிளினிக்குக்கென்றே வேறு டொக்டர்மார். இரும்புக் கதவு பூட்டியிருக்கும். பார்க்கிற நேரத்துக்குத்தான் திறப்பார்கள். தம்பி கட்டிலில் படுக்காமல் சுவரோரமாக இடம் தேடி நடந்துகொண்டே இருந்திருக்கிறான். அவனுக்குச் சிங்களம் அரைகுறை. ஆள் இன்னும் அடங்கவில்லை என்று மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள். இவன் எஞ்சினோடு படுக்கிறவன் என்று அவர்களுக்கு யார் சொன்னது? மருந்து வேலை செய்தது, சுகமாகித்தான் வெளியே வந்தான். வந்தபின் கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு முகம். ஒவ்வொருவருக்கும் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டும். "என்ட கதையைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போச்சக்கா" என்று போவதை விட்டான். பிறகு மருந்தையும் விட்டான். அப்படித்தான் நாங்கள் இங்கே வந்து சேர்ந்தோம்.

இங்கே வாட் சின்னது. பெரிய டொக்டர் ஒரே ஆள்தான். வாட்டிலும் அவர், கிளினிக்கிலும் அவர், வீட்டுக்கு வந்து பார்ப்பதும் அவர். ஆள் பற்றாக்குறையால்தான் அப்படி என்று பலர் நினைத்தார்கள். அவருக்கோ அது ஒரு பிடிவாதம். "நான் படுக்க வைச்ச ஆளை நான்தான் எழுப்பி அனுப்போணும்" என்பார். பகலில் வாட் கதவு திறந்துதான் இருக்கும். மத்தியானம் நான் சோறு கொண்டுபோனால் முற்றத்து வேப்பமரத்தின் கீழே தம்பியோடு இருந்து சாப்பிடலாம். சிலவேளை ரவுண் தெருக்களில் திரியும் கழுதைகளில் ஒன்று வந்து எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

வாட்டில் சேர்த்த அடுத்த நாளே, "வீட்டிலை படுக்கிற பாயைக் கொண்டு வாங்கோ" என்று என்னிடம் சொன்னார். ஒரு மிஸ்ஸிக்கு அது பிடிக்கவில்லை.

"டொக்டர், மேலிடத்து ஆக்கள் வந்து பாத்தால் ஆளை நிலத்திலை போட்டிருக்கிறம் எண்டு நினைப்பினம்."

"கட்டிலும் பக்கத்திலை இருக்கட்டும் மிஸ்ஸி, பாயும் இருக்கட்டும். அவர் எதிலை நித்திரை கொள்ளுறாரெண்டு மட்டும் எனக்குக் காலமை சொல்லுங்கோ."

நான் வீட்டுக்கு வந்து பாயை எடுத்தேன். மீனும் மண்ணெண்ணெயுமாக ஒரு மணம். இதையா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று சவர்க்காரம் போட்டு உரஞ்சித் தேய்த்து, கொல்லையில் வெயிலில் விரித்துக் காயவைத்து, மூட்டையாகக் கட்டிக்கொண்டு பெருமையோடு போனேன். ஜெறோம் பாயை விரித்தான், முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் மணந்தான். "இது என்ட பாய் இல்லை" என்று எழும்பிவிட்டான். டொக்டருக்கு விஷயம் விளங்கியதும் சிரிப்பு அடக்க முடியவில்லை. அந்தச் சட்டை இரண்டு தோளிலும் வழுகும் அளவுக்குச் சிரித்தார். பிறகு என்ன, பாயைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்து எஞ்சினோடு சேர்த்துச் சுற்றிவைத்தேன். ஊறட்டும் என்று விட்டு அடுத்த நாள் கொண்டுபோனேன். யன்னலுக்குக் கீழே விரித்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். அவன் மூச்சு ஒரே சீராக வருவதைக் கேட்டுக்கொண்டு கதிரையில் இருந்து அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன்.

ஆளை வீட்டுக்கு அனுப்புமுன் படுக்கிற இடத்தைப் போய்ப் பார்த்தே தீருவார். எங்கள் வீட்டுக்கு வந்தபோது எஞ்சினுக்கு ஒரு கும்பிடு போடாத குறைதான். நானாட்டானில் ஒரு விவசாயி. பயிருக்குள் பன்றி வராமல் காவல் குடிலில் படுக்கிறவர். அவரைப் பார்க்க டொக்டர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரம்பு வரம்பாக நடந்து போனாராம். குடிலின் பரண் ஏணி ஒரு படி உடைந்திருப்பதைப் பார்த்து, அது கட்டி முடியும் வரை அந்த மனிதரை வாட்டை விட்டு விடவில்லை. சிலாவத்துறையில் ஒரு உம்மா குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மூலையில் படுத்துக்கொண்டிருந்தார். முன்னறையில் மருமக்கள் டீவி பார்க்கிறார்கள், இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று அவராகவே ஒதுங்கியது. டொக்டர் அந்தக் குசினி மூலையில் தானும் சாறியோடு சம்மணம் கொட்டி இருந்து தேத்தண்ணி குடித்தார். மருமக்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த அம்மாவின் மெத்தை அன்றே முன்னறைக்கு வந்துவிட்டது.

இப்படி ஒரு ஆளைக் கண்ட பிறகு தெற்கே இருந்த ஆஸ்பத்திரியை நான் சும்மா விடுவேனா? ஒருநாள் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ பிள்ளை. அங்கை வாட்டிலை இருக்கிற டொக்டர் காலமை தொடக்கம் பின்னேரம் மட்டும் வாட்டிலைதான். ஆருக்கு என்ன நடந்தாலும் உடனை வருவார். நான் சிலாவத்துறையிலை தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்கேக்கை இஞ்சை ஆராவது எனக்காகக் காத்துக்கொண்டிருப்பினம்."

அவர் தன்னடக்கத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அது எவ்வளவு உண்மை என்பது அவருக்குக் காய்ச்சல் வந்தபோதுதான் தெரிந்தது. டெங்கு. வாட் அப்படியே நின்றுவிட்டது. பார்க்க வேறு டொக்டர் வந்தார், ஆனால் இவருடைய ஆட்களைப் பற்றி எல்லாம் இவருடைய தலைக்குள்தான் இருந்தது. வீட்டுக்குப் போகலாம் என்றிருந்த ஜெறோமை அனுப்ப யாருக்கும் துணிவில்லை. அவன் யன்னல் கம்பியைப் பிடித்தபடி பழையபடி பேசத் தொடங்கினான். டொக்டர் மெலிந்துபோய்த் திரும்பி வந்த அன்றைக்கே நான் பொரிந்து தள்ளினேன். காய்ச்சல்காரி என்றும் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்கள் முந்தி கார்மென்ட்டிலை வேலை செய்தனீங்கள் எல்லோ? அங்கை எப்பிடித் தைக்கிறது?" என்றார்.

"ஒராள் கொலர், ஒராள் கை, ஒராள் பொத்தான். முழுச் சட்டையை ஒருத்தரும் காணுறேல்லை. பிழைச்சால் ஆர் பிழைச்சதெண்டு தெரியாது."

"உங்கட கடையிலை?"

"வெட்டுறதும் நான், தைக்கிறதும் நான். பிழைச்சால் என்னிலைதான் பிழை. அதாலை பிழைக்க விடமாட்டன்" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"உங்களுக்குக் காய்ச்சல் வந்தால்?"

"கடை பூட்டு."

"சட்டை காத்துக்கொண்டு கிடக்கும். ஆக்கள் கிடப்பினமோ?" என்று கேட்டுவிட்டு வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தில் அவ்வளவு களைப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை. கத்தியதற்குப் பதிலாக ஒரு கப் கஞ்சி கொண்டுபோயிருக்கலாம்.

பிறகு கொஞ்சக் காலத்தில் இன்னொரு டொக்டர் வந்தார். பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பகுதிப் பொடியன். இளம் வயது, மெல்லிய தோள். இனி வாட் முழுக்க அவருடையது, கிளினிக்கும் வீட்டுக்குப் போவதும் எங்கள் டொக்டருடையது என்று பிரித்தார்கள். பிரிக்கச் சொல்லிக் கேட்டதே எங்கள் டொக்டர்தானாம். மிஸ்ஸிமார் நம்பவில்லை. நான் நம்பினேன். அதற்குள் வீட்டுக்கு வந்துவிட்ட ஜெறோமுக்குச் சொன்னபோது அவன் வலையிலிருந்து தலை நிமிர்த்தாமலே, "அப்ப இனி நான் வாட்டுக்குப் போகன்" என்றான். நல்ல சுகத்தோடு இருந்த நேரம். போக வேண்டி வராது என்று நானும் பேசாமல் விட்டேன்.

வந்தது. அவனுக்கு வருத்தம் திரும்புகிற அறிகுறி எனக்குத் தெரியும். பாய் விரிக்காமல் சுருட்டியபடியே கிடக்கும். இரண்டு நாளாகப் பாய் மூலையில் நின்றது. எஞ்சினை முற்றத்துக்கு எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். வாடைக் காற்று அடித்துக் கடல் வெள்ளையாகக் கிடந்தது, ஒரு படகும் இறங்கவில்லை. "அந்தப் பக்கம் பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள் அக்கா, ஒருக்காப் போட்டு வாறன்" என்றான். மண்ணெண்ணெய்க் கலனைக் கொண்டுபோய்க் கடையில் துணிக்குவியலுக்குள் ஒளித்துவிட்டு டொக்டருக்கு போன் எடுத்தேன். வாட்டுக்கு வரமாட்டான், பிடித்துக் கட்டி ஏற்றவும் என்னால் முடியாது, நான் என்ன செய்ய என்று கேட்டேன். "நில்லுங்கோ, வாறம்" என்றார்.

ஓட்டோவில் எங்கள் டொக்டரும் புதிதாக வந்த சின்ன டொக்டரும் வந்து இறங்கினார்கள். ஜெறோம் எழும்பிக் கதிரைகளை எடுத்துப் போட்டான், எங்கள் டொக்டரைப் பார்த்துச் சொன்னான்:

"நீங்கள் வாட்டிலை இல்லையெண்டால் நான் வரமாட்டன் டொக்டர். சொல்லிப்போட்டன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மூடிக்கொண்டார். பேச்சுக்குப் பெயர்போன மனிசி தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். சின்ன டொக்டரின் சேட் வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது, கண் இரண்டும் சிவந்திருந்தன. கையால் வாயை மூடிக்கொண்டு ஒரு கொட்டாவி விட்டார்.

ஜெறோம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீங்கள் எங்கை படுக்கிறனீங்கள்?" என்று கேட்டான்.

"குவாட்டர்ஸ்லதாங்க. தூக்கமே வர மாட்டேங்குது. எங்க ஊரு குளிருங்க. இங்க மெத்தையே சுடுது."

"கட்டிலிலையோ படுக்கிறனீங்கள்?"

"ஆமாங்க."

ஜெறோம் என்னைப் பார்த்தான். இந்த மனிசனுக்கு ஒருவருமே சொல்லிக் கொடுக்கவில்லையா என்கிற பார்வை. "கட்டிலை விடுங்கோ. நிலத்தை ஈரத் துணியாலை துடைச்சுப்போட்டு யன்னலுக்கு நேரை பாயைப் போடுங்கோ. தலையைக் கடல் பக்கம் வையுங்கோ."

"எங்கிட்ட பாய் இல்லீங்களே."

அவன் மூலையில் நின்ற பாயை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். "வாங்கோ, காட்டித் தாறன். வாட்டிலை என்ட இடம் யன்னல் பக்கம். அங்கை ஒருக்காப் படுத்துப் பாருங்கோ, காத்து எப்பிடி வருதெண்டு தெரியும்" என்று சொல்லிக்கொண்டு ஓட்டோவில் முதலாளாக ஏறினான். எங்கள் டொக்டர் ஓரமாக ஒதுங்கி எனக்கும் இடம் விட்டார்.

அந்த முறை ஜெறோம் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டான். இப்போது கடலுக்குப் போகிறான், எஞ்சினோடு படுக்கிறான், கிளினிக் நாளில் அவனாகவே பஸ் ஏறுகிறான். சின்ன டொக்டருக்கும் நல்ல நித்திரை என்று கேள்வி. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அவனைச் சேர்த்த அந்தக் காலை நேரம்தான்.

வாட் வாசலில் ஓட்டோ நின்றது. ஜெறோமும் சின்ன டொக்டரும் காற்று எந்தப் பக்கத்தால் வரும் என்று கதைத்துக்கொண்டே படியேறினார்கள். நானும் பின்னால் போகப் பார்த்தேன். பக்கத்தில் ஆள் வரவில்லை என்று தெரிந்து திரும்பினேன். எங்கள் டொக்டர் கீழ்ப்படியில் நின்றுவிட்டார். ஒரு கால்கூட உள்ளே வைக்கவில்லை. அவர்கள் இருவரும் நடந்து யன்னல் பக்கம் திரும்பி மறையும்வரை கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்பிப் பாக்கேல்லை. கவனிச்சனீங்களோ பிள்ளை?" என்றார்.

"ஓம் டொக்டர்."

"ஜெறோம் என்னை ஒருக்காவும் திரும்பிப் பாக்கேல்லை" என்றார் மறுபடியும். பரீட்சையில் தன் பிள்ளை முதலாவதாக வந்ததைச் சொல்கிற தாயின் குரல் அது. கண் மட்டும் கலங்கியிருந்தது. எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது, டொக்டர் ஆச்சே என்று கூச்சப்பட்டு நின்றேன்.

அவர் வழுகிய சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு வேப்பமரத்தடிக்கு நடந்தார். அங்கிருந்த பலகை வாங்கில் இருந்தார். ஆஸ்பத்திரிக்குள் அவர் சும்மா இருந்து நான் கண்டது அன்றுதான்.

"வாங்கோ பிள்ளை, இதிலை இருங்கோ. இண்டைக்கு எனக்கு வாட் இல்லை" என்றார்.

என் கைப்பைக்குள் அளவு நாடா எப்போதும் கிடக்கும். நான் அதை வெளியே எடுத்தேன். அவர் எழும்பி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேராக நின்றார்.